கறுப்புப் பூனையும் ஒன்பது நாளும்

இன்று காலை கடை திறந்ததும் ஒரு காவலாளி வந்தார். தொழிற்பேட்டையில் ஏதோ கம்பெனி வாசலில் நிற்பவர். சட்டைத் தோளில் நான் தைத்துக் கொடுத்த முத்திரையின் ஓரம் பிரிந்து நூல் தொங்கியது. கத்தரித்துவிட்டு, வழக்கம்போலத் தீக்குச்சி கிழித்து நூல் முனையில் காட்டினேன். பாலியஸ்டர் சுருண்டு கறுப்பு மணியாக உருகியது. பிளாஸ்டிக் கருகும் அந்த நெடிக்கு அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் குச்சியை அணைக்கவில்லை. விரல் சுட்ட பிறகுதான் உதறினேன்.

“பொய்யோட நாத்தம்” என்பாய் நீ இந்த நெடியை. நூல் உருகி இப்படி நாறினால் அந்தத் துணிப்பட்டை நேற்று செய்தது, காகிதம் கருகுகிற வாசனையோடு சாம்பலாய் உதிர்ந்தால் பழைய பருத்தி, நிஜம். இரண்டாம் உலக யுத்தத்தில் சிப்பாய்கள் சட்டைத் தோளில் தைத்த பட்டை என்று எவன் எதை விற்க வந்தாலும், பின்பக்கத்திலிருந்து ஒரே ஒரு நூலை ஊசியால் உருவிக் கொளுத்திப் பார்க்காமல் நீ தொடமாட்டாய். பத்து வருடம் என் கடையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தாய். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது வாயைத் திறக்காத எனக்குக் கடிதம் ஒரு கேடா என்று கேட்பாய், கேள்.

நீ முதலில் வந்தது நினைவிருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சந்துக் கடைக்கு, உன் கம்பெனி யூனிபார்முக்கு நான் கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் போட்ட பேட்ஜ் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாய். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை உனக்கு. கண்ணில் லென்ஸை வைத்து, “அரை மில்லி ஓடியிருக்குது. ரிஜெக்ட்” என்றாய். அரை மில்லியை எந்த மகராசன் பார்க்கப் போகிறான் என்று நான் கத்தினேன். “நான் பாத்துட்டேனே” என்றாய். எல்லாவற்றையும் திரும்பத் தைத்தேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் தைத்தேன். அடுத்த வாரம் டிபன் பாக்ஸோடு நீ வந்து உட்கார்ந்தபோது சண்டை முடிந்து சிநேகம் தொடங்கியிருந்தது.

பெண்பிள்ளை பட்டாளத்துப் பட்டை சேர்க்கிறாள் என்றால் சிரிக்கிறார்கள் என்று சொல்வாய். நானும் சிரித்தேன். உன் அப்பா ராணுவத்தில் இருந்து வந்து, பிறகு ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நின்று செத்தவர். அவர் பெட்டியில் கிடைத்த இரண்டு பட்டைகளில் தொடங்கியது உனக்கு அந்தப் பித்து. ஞாயிறு பூசை முடிந்ததும் பெங்களூர் பஸ் ஏறி, பழைய சாமான் சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசி ஒன்றிரண்டு வாங்கி வருவாய். கறுப்பில் சிவப்புக் கழுகு. சிவப்பில் குத்துவாள் பிடித்த மஞ்சள் கை. நான் மெஷினை ஓட்ட, நீ ஒவ்வொன்றின் கதையையும் சொல்வாய். இந்தக் கழுகைப் போட்டவர்கள் பாலைவனத்தில் செத்தார்கள், அந்தக் கத்தியைப் போட்டவர்கள் பர்மாவில் செத்தார்கள் என்று கம்பெனிக் கணக்கைப் போல நிதானமாகச் சொல்வாய். எனக்குச் சில நாள் சோறு இறங்காது.

நீ சொன்னதில் ஒன்று எனக்குள் தைத்துக்கொண்டது. பட்டையைப் பெருமையாகத் தோளில் தைத்துக்கொள்வார்களாம். ஆனால் சண்டை நடக்கும் இடத்துக்குப் போகும் முன், எந்தப் படை வருகிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாதென்று, பிரித்துவிடச் சொல்லி உத்தரவு வருமாம். ஆகவே பழைய பட்டையில் தையல் துளை மட்டும் இருந்து நூல் பதமாகப் பிரிக்கப்பட்டிருந்தால், அவன் முன்னால் போனவன் என்று அர்த்தம் என்பாய். அப்படிப் பிரிக்கப்பட்ட ஒரு பட்டை ஊத்தங்கரைப் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறதென்று உன் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் சொன்னார். அதைப் பார்க்கத்தான் நாம் இரண்டு பேரும் கிருஷ்ணகிரியில் பஸ் மாறிப் போனோம்.

சாமல்பட்டி ஸ்டேஷனைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர். அந்த வீட்டு அந்தோணியம்மாவுக்கு அப்போது எண்பது இருக்கும். களத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தவர் நம்மைக் கண்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தகர டப்பாவைக் கொண்டுவந்தார். திறந்ததும் வசம்பு வாசனை. பூச்சி அரிக்காமல் இருக்கக் காலங்காலமாக வசம்பு போட்டு வைத்த டப்பா அது. உள்ளே வெளிறிய மஞ்சள் சதுரத் துணி. நடுவில் வாலைத் தூக்கி நிற்கும் கறுப்புப் பூனை. ஏதோ ஒரு ஊர் பஜாரில் எவனோ ஒரு தையற்காரன் கையால் போட்டது. பூனையின் முதுகில் அவன் நூலை மடக்கிய விதத்தைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது.

அவருடைய அப்பா பர்மாவுக்குப் போகும்போது அந்தோணியம்மா வயிற்றில். முன்னால் போகச் சொல்லி உத்தரவு வந்த அன்று பட்டையைப் பிரித்து, காய்ச்சலில் படுத்திருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தாராம், திரும்பி வந்து தைத்துக்கொள்கிறேன் என்று. காய்ச்சல்காரர் ஊர் வந்து சேர்ந்தார். அப்பா வரவில்லை. உடலும் இல்லை, புதைத்த இடமும் தெரியாது. வந்தது இந்தத் துணி மட்டும். மகள் அப்பாவைப் பார்த்ததெல்லாம் இதில்தான்.

“எங்கப்பனுக்குக் குழி இல்ல சாமி. நான் போறப்ப இத என் நெஞ்சு மேல வெச்சு மூடணும். எம்மவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கறேன்.”

மகன் ஆரோக்கியம் வாசலில் நின்று தலையாட்டினார். பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரும்வரை ஜன்னலைப் பார்த்தே வந்தாய். பிறகு, “மண்ணுக்குள்ள போயிடும்ல” என்றாய். அவ்வளவுதான். அப்படி ஏங்கியதைத் தவிர நீ செய்த பாவம் எதுவும் இல்லை. இதை நான் எழுத்தில் வைக்கிறேன்.

அடுத்த மாதம் நீயே மறுபடி போய், ஒரு நகல் எடுத்துக்கொள்ள இரவல் கேட்டாய். டப்பாவைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பட்டையை மட்டும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார் அந்தம்மா. ஒரு மாதத் தவணை. நீ அதை என்னிடம் ஒப்படைத்தாய். “மெஷின்ல வேணாம். கையால போடு. அவன் போட்ட மாதிரியே” என்றாய்.

போட்டேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. பழைய பருத்தித் துணி தேடி, டீ டிகாஷனில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டேன். நூல் மட்டும் என் கடை நூல், பாலியஸ்டர். அதன் பளபளப்பைப் போக்க, நீ கம்பெனியிலிருந்து எப்போதோ கொண்டுவந்து போட்ட உப்புத்தாளால் தேய்த்தேன். பிரித்த தையல் துளைகளைக்கூட ஊசியால் எண்ணிக் குத்தினேன். முடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது எனக்கே ஒரு நிமிடம் எது எதுவென்று தடுமாறியது. அந்த நிமிடத்தில்தான் புத்தி கோணியது. பத்து வருடமாக அரை மில்லி, கால் மில்லி என்று என்னைப் படுத்தியவளை ஒரே ஒரு முறை ஏமாற்றிப் பார்த்தால் என்ன?

உன் வழக்கப்படியே கவரில் போட்டுச் சீட்டுக் கட்டினேன். உன் கம்பெனியில் நல்ல உருப்படிக்குப் பச்சைச் சீட்டு, கழித்ததற்குச் சிவப்பு. நாமும் அசலுக்குப் பச்சை, நகலுக்குச் சிவப்பு என்று வைத்திருந்தோம். பச்சைச் சீட்டுக் கவரில் என் பூனையைப் போட்டேன். சிவப்பில் அந்தோணியம்மாவின் அப்பாவைப் போட்டேன். இரண்டு நாளில் ஞாயிறு. நீ லென்ஸும் கையுமாக வருவாய், பச்சையைப் பார்த்துத் தலையாட்டுவாய், நான் கைதட்டிச் சிரிப்பேன், நீ ஒரு வாரம் பேசாமல் இருப்பாய். திட்டம் அவ்வளவுதான். நம்பு. நம்பாவிட்டாலும் அதுதான் நிஜம்.

ஞாயிறு வரை போகவில்லை. அந்தம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஆரோக்கியம் போன் செய்தாராம். நான் கடையில் இல்லாத நேரத்தில், வேலைக்கு வரும் பெண்ணிடம் கவர்களை வாங்கிக்கொண்டு, சனிக்கிழமையே நீ ஊத்தங்கரை பஸ் ஏறிவிட்டாய். புறப்படும் முன் உன் வீட்டில் இரண்டையும் வெளியே எடுத்து, பச்சைக் கவரில் இருந்ததைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனாய். லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை. நான் கட்டிய சீட்டாயிற்றே.

சாயங்காலம் திரும்பி வந்து நேராகக் கடைக்குத்தான் வந்தாய். அந்தம்மா கையில் வாங்கி மூக்கருகே வைத்து, “வசம்பு வாசன எங்க போச்சு? தொவைச்சுட்டீங்களா” என்று கேட்டதாகச் சொன்னாய். இல்லைம்மா, காற்றுப் பட்டதில் போயிருக்கும் என்று நீ சமாதானம் சொல்லிவிட்டு வந்திருந்தாய். டப்பாவில் வைக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாராம். சொல்லும்போது உன் முகத்தில் ஒரு நிம்மதி. என் வாய் திறந்தது. திறந்த வாயில், “டீ சொல்லட்டுமா” என்றுதான் வந்தது.

ஒன்பது நாள். அந்தம்மா ஒன்பது நாள் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு நாளும் நான் சொல்லியிருக்கலாம். முதல் நாள் உன் நிம்மதியைக் கெடுக்க மனமில்லை என்று எனக்கே கதை சொன்னேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது. ஐந்தாம் நாள் வேறு ஒரு நினைப்பு வந்தது, அதுதான் கேவலமானது. அசல் மண்ணுக்குள் போய் மக்குவதைவிட உன்னிடம் இருப்பது நல்லதுதானே? நீ ஆசைப்பட்டதுதானே? கிழவிக்கு என்ன தெரியப்போகிறது? இப்படியே நினைத்தேன், கிழவி என்றே நினைத்தேன். விளையாட்டாய் ஆரம்பித்தது ஐந்தாம் நாளில் திருட்டாகிவிட்டது. எட்டாம் நாள் போனை எடுத்து உன் பேரைத் தேடிவிட்டு வைத்தேன். பத்தாம் நாள் காலை முதல் பஸ்ஸில் நீ சாவுக்குப் போனாய். எனக்கு அவசர வேலை என்று சொல்லிவிட்டேன்.

போய்வந்து சொன்னாய். ஜெபமாலை சுற்றிய விரல்களுக்குக் கீழே, நெஞ்சின் மேல் பட்டையை வைத்தார்கள். மூடும் முன் ஆரோக்கியம் அதைத் தொட்டுக் கும்பிட்டார். “அப்பனும் மகளும் ஒரே குழில படுத்துட்டாங்க” என்று சொல்லி நீ அழுதாய். நீ அழுது நான் பார்த்ததில்லை. உன் முதுகைத் தடவிக் கொடுத்த கை இந்தக் கைதான்.

ஒரு மாதம் கழித்து நகல் என்று நீ நம்பியதை எடுத்துக்கொண்டு வந்தாய். அதன் முதுகில் ‘நகல்’ என்று அழியாத மையில் முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு எவனாவது அசல் என்று விற்றுவிடுவான் என்றாய். உன் பதிவேட்டில் ஒவ்வொரு பட்டைக்கும் நூல் சோதனை எழுத ஒரு கட்டம் உண்டு. நகலுக்கும் எழுதினால்தான் பதிவேடு முழுமையாகும் என்று ஊசியை எடுத்தாய். வேண்டாம் என்றேன். என் நூல் எனக்குத் தெரியாதா, பாலியஸ்டர் என்று எழுதிக்கொள் என்றேன். “சோதிக்காம எப்படி எழுதறது?” என்று ஒரு நூலை உருவினாய்.

காகிதம் கருகுகிற வாசனை வந்தது. சாம்பல் மேஜையில் உதிர்ந்தது. நீ இன்னொரு நூலை உருவினாய். அதுவும் அப்படியே. தீக்குச்சி உன் விரல் வரை எரிந்து தானாக அணைந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, போய் நிறுத்தினேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை.

“கைக்குட்டைல சுத்தறதுக்கு ரெண்டையும் வெளிய எடுத்தேன்ல. அப்பதான் மாறியிருக்கு. நானே மாத்திட்டேன். என் கையாலயே குடுத்துட்டு வந்தேன்.”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா, தெரியும், நீ கேட்டாயே. ஆரோக்கியத்திடம் சொல்ல வேண்டும் என்று நீ எழுந்தபோது கையைப் பிடித்து உட்காரவைத்தேன். சொன்னால் கல்லறையைத் தோண்டச் சொல்வார்கள், செத்தவரை ஏன் இம்சைப்படுத்துகிறாய் என்றேன். உன் நல்லதுக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டாய். என் பேச்சை நீ கேட்ட தருணங்கள் குறைவு. அதில் இதுவும் ஒன்றாகிவிட்டது.

அதற்குப் பிறகு நீ ஒரு பட்டையும் வாங்கவில்லை. பெங்களூர் பஸ் ஏறவில்லை. கம்பெனியில் பார்த்து முடித்த உருப்படியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறாய், லைன் நிற்கிறது என்று சூப்பர்வைசர் திட்டியதாக நீயே சொன்னாய். ஒருநாள் கோயிலிலிருந்து வந்தவள், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொன்னதாகவும், அவர் மன்னிப்புக் கொடுத்தும் மனசு ஆறவில்லை என்றும் சொன்னாய். எனக்குப் பாவசங்கீர்த்தனம் கிடையாது. மாரியம்மனுக்குச் சூடம் ஏற்றத்தான் தெரியும். என் பாவத்தை நீ மண்டியிட்டுச் சொல்லி, அதற்குப் பரிகாரமான ஜெபங்களையும் நீயே சொன்னாய். அன்றைக்கு எதுவும் நடக்காததுபோல பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு கட்டி வந்தது உனக்கு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நீ பாதியாகியிருந்தாய். “அந்தம்மாவ மேல பாத்தா நான் என்னத்தச் சொல்லுவேன்?” என்று கேட்டாய். நர்ஸ் வந்து சலைன் பாட்டில் மாற்றினாள். அவள் போனதும் சொல்லிவிடலாம் என்று நின்றேன். அவள் போனாள். நீ கண்ணை மூடியிருந்தாய், தூங்குகிறாய் என்று வைத்துக்கொண்டேன்.

உன் வீட்டுக்காரர் பட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போனார், என்னிடம் கொடுக்கச் சொன்னாயாம். மூன்று மாதம் திறக்கவில்லை. திறந்தபோது எல்லாவற்றுக்கும் அடியில், கைக்குட்டையில் சுற்றிய கறுப்புப் பூனை. அதில் கம்பெனிச் சிவப்புச் சீட்டு ஒன்று கட்டியிருந்தாய். ‘குறை’ என்ற இடத்தில் ‘உரியவருக்குச் சேரவில்லை’. ‘காரணம்’ என்ற இடத்தில் ‘என் கவனக்குறைவு’. கீழே உன் கையெழுத்து, அலங்காரம் எதுவும் இல்லாமல், கம்பெனியில் போடுவது போலவே.

போன வாரம் கிருஷ்ணகிரியில் பஸ் மாறிப் போனேன். ஆரோக்கியம் மாந்தோப்பில் இருந்தார். வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், பச்சைச் சீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும். திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், பட்டையைக் கொண்டுவந்து கொடுத்த அம்மாவுக்கு இது தெரியுமா என்று. தெரியாது, தன் தப்பு என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாள் என்றேன். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா தெனமும் மோந்து பாத்துச்சுங்க. வாசன வேறயா இருக்குதுடா, இது அப்பன் இல்லடான்னு சொல்லிட்டே இருந்துச்சு. உனக்கு மூக்கு செத்துப்போச்சு, பேசாம படுன்னு நான்தான் அதட்டுனேன். கடைசி வரைக்கும் அதட்டுனேன்.”

கைக்குட்டையை அவர் பக்கம் நீட்டினேன். அவர் கை வரவில்லை. குழியை மறுபடி தோண்ட முடியாது, வீட்டில் வைத்தால் தினமும் அம்மா சொன்னதுதான் காதில் விழும் என்றார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

“நீங்களே வெச்சுக்கங்க. நீங்கதான் வெச்சிருக்கணும்.”

திரும்பும் பஸ்ஸில் உன் சிவப்புச் சீட்டை எடுத்து, ‘என் கவனக்குறைவு’ என்பதை அடித்துவிட்டு, என் பெயரை எழுதினேன். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணலாகிவிட்டது. நீ பார்த்திருந்தால் திருப்பி எழுதச் சொல்லியிருப்பாய். உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னுடையதையும் போட்டேன். நீ எதற்கும் பொறுப்பில்லை. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆனது, அதிலும் கேட்க நீ இல்லாத பிறகு.

இன்று காலை அந்தக் காவலாளி போன பின் கைப்பையைத் திறந்து பட்டையை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். உன் பெட்டியில் இத்தனை நாள் கிடந்தும், எத்தனையோ கை மாறியும் போகவில்லை. அந்தோணியம்மா ஒன்பது நாள் தேடிய வசம்பு வாசனை என் கைப்பையில் இருக்கிறது.